சாமி பேரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்ட வேண்டாம்

"சாமி கண்ணைக் குத்தீரும்" என்ற வார்த்தையை இனி எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளாகக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சாப்பிட அடம்பிடித்தால் சாமி, பொய் சொன்னால் சாமி, படிக்காமல் விளையாடப் போனால் சாமி. பூச்சாண்டி பார்க்க வேண்டிய வேலையை எல்லாம் வீட்டுக்கு வீடு சாமியின் தலையில் கட்டி வைத்திருக்கிறோம். நான் நாள் தவறாமல் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். கும்பிடுகிறவள் என்பதால்தான் எனக்கு இது பொறுக்கவில்லை.

எங்கப்பா தவறி, காரியமெல்லாம் முடிந்து, சொந்தபந்தம் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம். என் மகள் எல்லோர் முன்னாலும் எங்கம்மாவிடம் கேட்டுவிட்டாள். "அப்புச்சிக்கு நல்லாகோணும்னு நாமெல்லாம் வேண்டிக்கிட்டோமல்லங்க அம்மாயி, அப்பறம் ஏனுங்க சாமி அவரக் கூட்டிக்கிட்டுப் போச்சு?" பக்கத்தில் இருந்த சொந்தக்காரம்மா ஒருவர் சட்டென்று அவள் வாயைப் பொத்தி, "அப்படியெல்லாம் பேசப்படாது, சாமி கண்ணக் குத்தீரும்" என்றார். பிள்ளை மிரண்டுபோய் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். தாத்தாவை இழந்து நிற்கிற குழந்தைக்கு, அந்த நேரத்தில் சாமியும் எதிரி ஆகிவிட்டது.

எங்கம்மாதான் அவளைக் கூப்பிட்டு மடியில் இருத்திக்கொண்டார். "நானும் அதையேதான் கேட்டுச் சண்ட போட்டுக்கிட்டு இருக்கறன் கண்ணு. நம்ம சாமிகிட்டத்தான நாம சண்ட போட முடியும்? அசலூட்டுக்காரங்ககிட்டயா போய்ப் போடறது?" என்றார். அன்றைக்குச் சாயங்காலமும் அதே அம்மாதான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார். கோபமும் கும்பிடும் ஒரே மனசில் இருக்கலாம் என்று என் மகள் அங்கேதான் பார்த்தாள். நான் எத்தனை பக்திக் கதை சொல்லியிருந்தாலும் அது அவளுக்குப் புரிந்திருக்காது.

நம்ம கொங்குப் பக்கத்துச் சாமி கும்பிடுதலில் பயம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். மாட்டுப் பொங்கலன்று மாடு கட்டுகிற பட்டியில் வைக்கிற பட்டிப் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டிக்குள்ளே சாணியும் மண்ணும் குழைத்து வரப்புக் கட்டி, சின்னதாகத் தெப்பக்குளம் செய்கிறோம். தண்ணீரும் பாலும் மஞ்சளும் ஊற்றி, ஓரத்தில் ஆவாரம்பூ வைக்கிறோம். பொங்கல் பொங்கியதும் மாடுகளை அந்தக் குளத்தை மிதித்துத் தாண்ட விடுகிறோம். பெரிய மாடு பழகினதுபோல் போய்விடும். கன்னுக்குட்டி மட்டும் நாலு காலையும் ஊன்றி நிற்கும், கழுத்தை வளைத்து நம்மைப் பார்க்கும், ஒரே தாவாகத் தாவி மஞ்சத்தண்ணியை எல்லோர் மேலும் தெறிக்கவிடும். பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். "பட்டி பெருக, பால்பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோட போக" என்று பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகளும் கூடச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வேண்டுதல் கிடையாது. மாடும் கன்றும் வீடும் நன்றாக இருக்கட்டும், நோய் நொடி போகட்டும், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. தப்புச் செய்தவனுக்குத் தண்டனை கொடு என்று அதில் ஒரு சொல் கிடையாது.

காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை முருகன் கோவிலுக்குப் போயிருக்கிறவர்கள் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பக்தர் யாராவது ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் மலைக்கு வந்து சொன்னதும், சாமி முன்னால் பூப்போட்டுக் கேட்டு, வெள்ளைப்பூ வந்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் அடுத்த பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், அரிசி என்று வீட்டிலும் காட்டிலும் நாம் புழங்குகிற பொருள்கள்தான் பெரும்பாலும். பெட்டியில் பொருள் மாறினால் போதும், வாட்சப்பில் பீதி கிளம்பிவிடுகிறது. தண்ணீர் வைத்தால் வெள்ளம் வரும், மண் வைத்தால் பூமி அதிரும் என்று ஆளாளுக்கு ஒரு பலன் எழுதுகிறார்கள்.

என் கண்ணுக்கு அந்தப் பெட்டியில் வேறொன்று தெரிகிறது. கனவு கண்டது கூலிக்காரரா, காட்டுக்காரரா, படித்தவரா என்று கேள்வி இல்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதர் மலையேறி வந்து "எனக்கு இப்படித் தோணுச்சு" என்றால் கோவில் அவருக்குக் காது கொடுக்கிறது, சாமியிடமே கேட்டுப் பார்க்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, சொந்தப் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் வாயைப் பொத்துகிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

மிரட்டலுக்கு அடுத்தபடி பேரம். பத்தாவது பரீட்சை வந்தால் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் சாமி காலடியில் வைத்துக் கும்பிடுவது நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். ஆனால் "500-க்கு 480 வாங்கினால் பழனிக்கு வந்து மொட்டை" என்று பிள்ளை காதுபடப் பேசுகிற வீடுகள் இருக்கின்றன. 400 வாங்கிய பிள்ளை என்ன நினைக்கும்? சாமிக்கும் நம்மைப் பிடிக்கவில்லை என்றுதானே நினைக்கும்?

அதே பரீட்சை சமயத்தில்தான் பங்குனி உத்திரமும் வருகிறது. கொடுமுடியில் காவிரித் தீர்த்தத்தை முறைப்படி எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கிறவர்கள் எங்கள் பக்கத்து ரோட்டில் கூட்டங்கூட்டமாகப் போவார்கள். அந்த வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு போவார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் மோர்ப்பானை வைத்து, கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கிள்ளிப்போட்டு ஊற்றிக்கொடுப்போம். டம்ளர் கழுவுவது மகள் வேலை. ஒரு பெரியவர் காவடியைத் தோளிலிருந்து இறக்காமலே அண்ணாந்து குடித்துவிட்டு, அவள் தலையில் கைவைத்து "நல்லா இருக்கோணும் சாமி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவர் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் என்ன மார்க் வாங்குகிறாள் என்று அவரும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் இதையே அவங்கப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்தி என்று ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்க ஆசைப்பட்டால், பாடம் எடுக்காமல் அந்த மோர்ப்பானை பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள் என்பேன்.

பையன் கதை வேறு. மீசை அரும்பியதிலிருந்து கோவிலுக்கு வருவதில்லை, "எனக்கு நம்பிக்கை இல்லம்மா" என்று நேராகவே சொல்லிவிட்டான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மறைக்காமல் என்னிடம் வந்து சொன்னானே, அந்தத் தைரியத்தை நான் கெடுக்கத் தயாரில்லை. அதே பையன்தான் அம்மாயிக்கு முட்டி வலி என்றால் வாரம் தவறாமல் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான், மாத்திரைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறான். அவனைக் கட்டாயப்படுத்தவோ, குத்திக்காட்டவோ, சாமி பேரைச் சொல்லி மிரட்டவோ கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சிவன்மலையிலிருந்து வந்தால் திருநீற்றுப் பொட்டலத்தை அவன் மேஜைமேல் வைத்துவிடுகிறேன். பூசிக்கொள்வதும் கொள்ளாததும் அவன் பாடு, முருகன் பாடு.