பாம்பை விடுங்க, பேட்ரிக் எழுதிய கடிதத்தைப் படிங்க

மார்ச் 17 வந்தால் போதும். பச்சைச் சட்டை, மூவிலை (ஷாம்ராக் செடி), பாம்பு விரட்டிய கதை என்று அயர்லாந்தின் பாதுகாவலர் புனித பேட்ரிக் எல்லார் டைம்லைனிலும் வந்துவிடுவார். அவரே இலத்தீனில் எழுதிய இரண்டு ஆக்கங்கள் இன்றும் இருக்கின்றன என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஐந்தாம் நூற்றாண்டு மனிதருக்கு இது அபூர்வம்.

ஒன்று, 'கன்ஃபெஸ்ஸியோ', அவர் தன் வாழ்க்கையைத் தானே சொல்வது. ரோமானிய பிரிட்டனில் பிறந்தவர். அப்பா திருத்தொண்டர் (டீக்கன்), தாத்தா குரு (பாதிரியார்). 16 வயதை நெருங்கும்போது கொள்ளையர் பிடித்து அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வருஷம் அடிமையாக ஆடுமாடு மேய்த்துவிட்டு, சுமார் 200 மைல் நடந்து கப்பலேறித் தப்பினார். கனவில் வந்த அழைப்பைக் கேட்டு அதே அயர்லாந்துக்கு ஆயராக (பிஷப்பாக) திரும்பிப் போனார்.

இரண்டாவது, கொரோட்டிக்கஸ் என்ற தலைவனின் படைவீரர்களுக்கு எழுதிய கடிதம். என் கணக்கில் இதுதான் பேட்ரிக். அப்போதுதான் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று வெள்ளை உடைகூட மாற்றாதவர்கள். நெற்றியில் பூசிய தைலத்தின் வாசம் போகவில்லை. கொரோட்டிக்கஸின் ஆட்கள் அவர்களில் சிலரை வெட்டிவிட்டு மற்றவர்களை அடிமைகளாக இழுத்துப் போனார்கள். வெட்டிய ஆட்களும் பேருக்குக் கிறிஸ்தவர்கள்தான்! மறுநாளே ஒரு குருவிடம் பேட்ரிக் கடிதம் கொடுத்தனுப்ப, வாங்கிச் சிரித்தார்கள். அந்த முதல் கடிதம் நமக்குக் கிடைக்கவில்லை. அடுத்ததில் ஊருக்கே சொல்கிறார்: பிடித்தவர்களை விடுவிக்கும்வரை இவர்களோடு உண்ணாதீர்கள், குடிக்காதீர்கள், இவர்கள் தரும் தர்மத்தையும் தொடாதீர்கள். அடிமையாக இருந்தவன் எழுதியது என்பது வரிக்கு வரி தெரியும்.

புனிதர் கதைகளை நம்பலாமா என்று பார்க்க எளிய வழி, அந்தக் கதை எழுத்தில் முதலில் எப்போது வருகிறது என்று தேடுவது. பாம்பு கதை பரவியது 12ஆம் நூற்றாண்டில் ஜோஸ்லின் என்ற துறவி எழுதிய சரிதையால். ஆனால் அயர்லாந்தில் பாம்பே இல்லை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் சோலினுஸ் எழுதிவிட்டார், பேட்ரிக் பிறப்பதற்கு முன்பே. பனியுகம் முடிந்து கடல் சூழ்ந்த தீவுக்குப் பாம்பு வந்து சேரவே இல்லை. மூவிலையை வைத்துத் திரித்துவம் (மூவராய் இருக்கும் ஒரே கடவுள்) விளக்கியது இன்னும் புதுசு. 1726இல்தான் ஒரு தாவர நூலில் எழுத்தாக வருகிறது. பச்சையும் அப்படித்தான். 1783இல் அவர் பெயரில் வீரர் பட்டம் ஏற்படுத்தியபோது எடுத்த நிறம் நீலம்.

அயர்லாந்தின் முதல் ஆயர் என்பதும் நிற்காது. 431இல் பாப்பரசர் செலஸ்டின் பல்லாதியுஸை அங்கே முதல் ஆயராக அனுப்பியதை அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோஸ்பர் குறித்திருக்கிறார். பேட்ரிக் வந்ததாகப் பலரும் போடும் 432 பிற்கால ஆண்டேடுகள் தந்தது; அவர் எழுத்தில் ஒரு வருஷம்கூட இல்லை.

ஸ்லேன் குன்றில் தீ மூட்டி அரசனோடு மோதிய கதை, இருநூறு வருஷம் கழித்து முயிர்ச்சு என்ற ஐரிஷ் துறவி எழுதியது. அப்போது, பேட்ரிக் நிறுவியதாகச் சொல்லிக்கொண்ட அர்மா திருச்சபை மற்ற ஆலயங்கள் மேல் தலைமை கோரிக்கொண்டிருந்தது. அதற்கு வெற்றிவீரர் பேட்ரிக் தேவைப்பட்டார். அந்தத் திருச்சபையின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்து நூலான அர்மா ஏட்டைப் பார்த்தால் புரியும். முயிர்ச்சுவின் கதை அதில் இருக்கிறது. கன்ஃபெஸ்ஸியோவைச் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள். கொரோட்டிக்கஸ் கடிதம் அதில் இல்லவே இல்லை.