‘அரும்பு’ நிலையில் இருக்கும் பிள்ளை தோற்றுவிடவில்லை

“எண்ணும் எழுத்தும் சோதனையில் ‘அரும்பு’ வந்த பிள்ளைகள் தோல்வி. அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும். அப்படிப் பிள்ளைகள் அதிகமுள்ள தொடக்கப் பள்ளிகளை மூடிவிடுவார்கள்.” அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைக் குறைக்க, 2022-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டம்தான் ‘எண்ணும் எழுத்தும்’. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்பவை மதிப்பெண்கள் அல்ல, கற்றல் நிலைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறினால், ஆசிரியர் அந்த இடத்திலிருந்தே கற்பிக்கத் தொடங்க வேண்டும். அதைக் கண்டறியத்தான் சோதனை. தேர்ச்சி, தோல்வி என்ற பேச்சே அதில் இல்லை.

தமிழக அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. ஐந்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அறிவிப்பைக்கூட 2020-ல் அரசு திரும்பப் பெற்றுவிட்டது. இந்தச் சோதனை முடிவை வைத்துப் பள்ளியை மூடும் விதியும் கிடையாது.

வாசிக்கத் திணறும் ஏழு வயதுப் பிள்ளையை, இந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி வீட்டில் திட்டுவதுதான் பெரிய கொடுமை. தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் நீக்கிவிடுங்கள். பிள்ளையின் நிலையை வகுப்பாசிரியரிடமே கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் எழுப்பலாம். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417.