வயருக்குள்ளே என்ன ஓடுகிறது?

டோம்பிவிலியில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, வயர் இழுத்து இழுத்து சவுண்டு பண்ற சாஃப்ட்வேர்ல எது பெஸ்ட்?" வாட்ஸப்பில் நாலு வரி தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் அந்தேரியில் விளம்பரப் படங்களுக்கு ஒலி அமைத்துச் சோறு சாப்பிடுகிறவன். காட்கோபரில் மெட்ரோ ஏறி உட்கார இடம் கிடைத்தால், அந்தக் கால் மணி நேரத்தில்கூட மடியில் ஒரு பேட்ச் (திரையில் பாக்ஸ்களை வயரால் இணைத்துக் கட்டும் ஒலி அமைப்பு) திறந்திருக்கும். அதனால் பதில் நீண்டுவிட்டது. அவனுக்கு மட்டும் எதற்கு, எல்லோரும் படிக்கட்டும்.

இந்த விஷயத்தில் கூட்டம் சண்டை போடுவதெல்லாம் எது "கனமாக" ஒலிக்கிறது, எது "சூடாக" ஒலிக்கிறது என்றுதான். 440 ஹெர்ட்ஸ் சைன் அலையை எதில் போட்டாலும் அது சைன் அலைதான். மற்ற அலைகளில் வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிவியில் பிரஷர் குக்கர் விளம்பரம் பார்க்கிறவருக்கு அது கேட்காது. நான் பார்ப்பது வேறு. அந்த வயருக்குள்ளே என்ன ஓடுகிறது? யார் முதலில், யார் பின்னால் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

விசிவி ரேக் என்ற சாஃப்ட்வேரில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. ஓடுவது வோல்டேஜ், அவ்வளவுதான். யூரோரேக் என்ற, வயரால் இணைக்கும் நிஜ சிந்தசைசர் பெட்டிகளைத் திரையில் அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள், பேனலில் திருகு ஆணி வரைக்கும். 1 வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். அரை ஸ்வரம் என்பது 1 வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நடுவில் குவாண்டைசர் என்று ஒன்றை நீங்களாக வைக்காதவரை எதுவும் உங்களைப் பன்னிரண்டு கட்டைக்குள் பிடித்துத் தள்ளாது. நம் காதுக்கு இது பெரிய விஷயம். மெதுவான ஒரு அலையை எடுத்து ஸ்ருதி வாயிலில் செருகினால் கமகம் மாதிரி ஒன்று உடனே ஆட ஆரம்பிக்கும். (மாதிரி ஒன்று என்றுதான் சொன்னேன். வித்வான்கள் அடிக்க வரவேண்டாம்.) எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் செருகலாம், தப்பு என்று எதுவும் சொல்லாது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தனியாக ஓட்ட இலவசம். மற்ற மியூசிக் சாஃப்ட்வேருக்குள் பிளக்இன்னாகத் திறக்கத்தான் காசு. அதற்கும் கார்டினல் என்று ஒரு இலவச வழி இருக்கிறது, ஆனால் அதில் அவர்கள் கட்டிக் கொடுத்த மாட்யூல்களோடு (அந்தத் திரைப் பெட்டிகளோடு) சரி.

மேக்ஸும் பியூர் டேட்டாவும் வயர் இழுக்கும் சாஃப்ட்வேர்கள்தான், ஆனால் வேறு ஜாதி. இரண்டுக்கும் தகப்பன் ஒருவரே, மில்லர் பக்கெட். பாரிஸில் இர்காம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 1980களில் மேக்ஸை எழுதினார். கணினி இசையின் முன்னோடி மேக்ஸ் மேத்யூஸ் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். 1990களில் எல்லாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி பியூர் டேட்டாவை எழுதினார். மேக்ஸ் இப்போது ஏபிள்டன் என்ற மியூசிக் சாஃப்ட்வேர் கம்பெனி கைக்குப் போய்விட்டது, 2017இல். ஒரே வீட்டுப் பிள்ளைகள், பாகப்பிரிவினை ஆனவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டிலும் வயர் இரண்டு வகை. ஒன்றில் செய்தி ஓடும்: "இந்த எண்ணை எடுத்துக்கொள்", "இப்போது அடி" என்பது போல. இன்னொன்றில் ஒலி ஓடும், நிற்காமல். பியூர் டேட்டாவில் ஒலி வயர் தடிமனாகத் தெரியும். மேக்ஸில் அது கோடு போட்டு இருக்கும். சிக்கல் செய்தி வயரில்தான். ஒரே வாயிலிலிருந்து இரண்டு வயர் பிரிந்து போனால் எது முதலில் போகும்? மேக்ஸ் வாஸ்து பார்க்கிறது. திரையில் வலது பக்கம் இருக்கிற பாக்ஸுக்கு முதல் மரியாதை, பிறகுதான் இடது. "அழகா இருக்கட்டுமே" என்று ஒரு பாக்ஸை நகர்த்தி வைத்தால் கணக்கே மாறிப்போகும். பியூர் டேட்டாவோ பந்தி பரிமாறுகிறது. யார் வயர் முதலில் இழுக்கப்பட்டதோ அவர் இலையில்தான் முதலில் விழும். அதைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டுக்கும் மருந்து டிரிகர் என்ற ஒரு குட்டி பாக்ஸ். வரிசையை நீங்களே எழுதிக் கொடுத்துவிடலாம். இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

இனி என் கதை. ஒரு டாக்குமெண்டரிக்கு வீணை மாதிரி, ஆனால் வீணை இல்லாத ஒரு தந்தி ஒலி கேட்டார்கள். சாம்பிள் (நிஜ வாத்தியத்தின் பதிவு) வேண்டாம், செயற்கையாகவே இருக்கட்டும் என்றார்கள். இதற்குப் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் என்ற இருவர் 1983இல் வெளியிட்டது. ஒரு துளி இரைச்சலை எடுத்து, ஒரு சின்ன தாமதத்துக்குள் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மழுங்கடித்தால் அது மீட்டிய தந்தியாகிவிடும். தாமதம் குறையக் குறைய ஸ்ருதி ஏறும். ஐந்து பாக்ஸ் வேலை.

பியூர் டேட்டாவில் செய்தேன். ஐந்து கட்டையில், அதாவது ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸில். கீழே எல்லாம் பிரமாதம். மேல் ஷட்ஜம் வந்தது, மேல் பஞ்சமம் 588இல் வந்தது. அதற்கு மேலே இன்னொரு ஷட்ஜம், 784, அதுதான் வராமல் போயிற்று. ஒலி வருகிறது, ஸ்ருதி மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. ஃபில்டரை மாற்றினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். சமையல்கட்டில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா (சின்ன வயதில் வீணை கற்றவர்) கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "அது ஷட்ஜம் இல்லடா. கைசிகி நிஷாதம். அதுவும் கொஞ்சம் இறங்கி நிக்குது."

அம்மா சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பியூர் டேட்டா ஒலியை ஒவ்வொரு சாம்பிளாக (இங்கே சாம்பிள் என்றால் ஒலி அலையின் ஒரு புள்ளி) செய்வதில்லை, 64 சாம்பிள் கொண்ட கட்டுக் கட்டாகச் செய்கிறது. வெளியே போனது திரும்பி உள்ளே வரவேண்டுமானால் குறைந்தது ஒரு கட்டு காத்திருக்க வேண்டும். ஒரு வினாடிக்கு 44,100 சாம்பிள் என்றால் அது கிட்டத்தட்ட 1.45 மில்லி வினாடி. 44,100ஐ 64ஆல் வகுங்கள்: 689 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் அந்தத் தந்தி ஏறாது. 196இல் ஷட்ஜம் வைத்தால் 689 எங்கே விழுகிறது? மேல் ஸ்தாயி கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே. மேனுவலில் இருந்த விஷயம்தான். எனக்குக் கொத்தவரங்காயோடு வந்து சேர்ந்தது.

வழி இல்லாமல் இல்லை. தந்தியை மட்டும் தனி சப்பேட்சில் (பேட்ச்சுக்குள் ஒரு குட்டி பேட்ச்) போட்டு, அங்கே கட்டின் அளவு 1 என்று சொல்லிவிடலாம். பத்துத் தந்திக்கு அப்படிச் செய்தேன், என் பழைய லேப்டாப்பின் ஃபேன் மழைக்கால டேபிள் ஃபேன் மாதிரி கத்த ஆரம்பித்தது. மேக்ஸிலும் இதே நோய் உண்டு, ஆனால் ஜென் என்ற தனி அறை வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒவ்வொரு சாம்பிளாக ஓடும், வேகமாகவும் ஓடும். விசிவி ரேக்கில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே எல்லாமே ஒவ்வொரு சாம்பிளாகத்தான், ஒரு வயருக்கு 1 சாம்பிள் தாமதம். வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே செருகு, சரி என்கிறது. அதற்கு விலையாகத்தான் அது சிபியூவை அப்படித் தின்கிறது.

அப்புறம் பிட்விக் என்ற மியூசிக் சாஃப்ட்வேருக்குள் இருக்கும் தி கிரிட். 2019இல் வந்தது. எனக்குச் சம்பளம் வாங்கித் தருவது பெரும்பாலும் இதுதான், ஆனாலும் இதன்மேல் எனக்குப் பெரிய காதல் இல்லை. வயரே இல்லாத வயர் இதில் இருக்கிறது. ஆஸிலேட்டரை (ஒலி அலையை உண்டாக்கும் பெட்டி) வைத்ததுமே கீபோர்டின் ஸ்ருதி தானாக அதற்குள் போய்விடும், நாம் இழுக்கவே வேண்டாம். குக்கர் விசில் ஆறு விதமாக வேண்டும் என்று மாலை ஐந்து மணிக்கு ஒருவர் போன் செய்தால் அந்த சௌகரியம் தெய்வம். கற்றுக்கொள்கிற பையனுக்கு அது எல்லாவற்றையும் மறைக்கும் திரை. கட்டித் தருகிறவர் எல்லாவற்றையும் சுவருக்குள் ஓட்டிவிட்ட ஃபிளாட் மாதிரி, ஃபியூஸ் போகும் வரை எது எங்கே போகிறது என்று தெரியாது.

ரியாக்டர் என்ற இன்னொரு சாஃப்ட்வேர் பற்றிக் கேட்பீர்கள். நல்ல சாமான். மற்றவர்கள் கட்டி வைத்ததை வாசிப்பேன், உள்ளே இறங்கிக் கட்டும் பொறுமை எனக்கு இல்லை.

காசு விஷயத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது பேட்ச்சின் வயசு. ஒரு ஸ்டூடியோ நான் முன்பு செய்த ஒரு இரைச்சலைப் பல மாதம் கழித்து "அதையே கொஞ்சம் நீளமா" என்று கேட்டது. விசிவியில் திறந்தேன். நான் நம்பியிருந்த ஒரு மாட்யூல் பழைய பதிப்போடு நின்றுவிட்டிருந்தது, புதியதற்கு யாரும் மாற்றி எழுதவில்லை. அது இருந்த இடம் காலி. மறுபடி காதால் கேட்டுக் கேட்டு ஒட்டுப்போட்டேன். பியூர் டேட்டாவின் கோப்பு வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்தால் எந்த பாக்ஸ், எங்கே, யாரோடு யார் என்று வரி வரியாக இருக்கும். வெளி லைப்ரரி எதையும் நம்பாமல் எழுதியிருந்தால் ரொம்பப் பழைய பேட்ச்சும் முனகாமல் திறக்கும். பார்க்கத்தான் ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். பிளக்டேட்டா என்று அதே எஞ்சினுக்குப் புதுச் சட்டை போட்டுத் தருகிறார்கள், பிளக்இன்னாகவும் ஓடும், இலவசம். அம்மாவின் தந்தி இப்போது அதில்தான் இருக்கிறது.

ஆக, அக்கா மகனுக்கு எழுதினேன்: முதல் மூன்று மாதம் விசிவி, பிறகு பியூர் டேட்டா. மேக்ஸை யாராவது காசு கொடுத்து வாங்கித் தரும்வரை திறந்து பார்த்தால் போதும், சோதனைக் காலம் முடிந்ததும் சேமிக்க மட்டும்தான் விடாது. கிரிட் பக்கம் இப்போதைக்குப் போகாதே.

அன்று ராத்திரியே எல்லாவற்றையும் இறக்கியிருக்கிறான். ஒரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ். பன்னிரண்டு வினாடிக்கு ரயில் பிரேக் மாதிரி ஒரே கிறீச்சல், பின்னால் அக்கா திட்டும் சத்தம், கடைசியில் அவன் குரல்: "மாமா, எந்த வயரைப் பிடுங்கணும்?"