‘போக்கர் ஆடினால் பிள்ளைக்குக் கணக்கு வரும்’: பாதி உண்மைதான்

"ஆன்லைன் போக்கர் சூதாட்டம் அல்ல, வெறும் கணக்கு. தளத்தில் உங்கள் பெயரில் உள்ள கணக்கிலேயே பிள்ளையை ஆடவிடுங்கள், மூளை வளரும். திறமை இருந்தால் பணமும் வரும்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது.

போக்கர் என்பது பந்தயம் வைத்து ஆடும் சீட்டாட்டம்; ஐந்து சீட்டுச் சேர்க்கையை ‘கை’ என்பார்கள். அதில் கணக்கு இருப்பது சரிதான். 52 சீட்டில் ஐந்தை எடுத்தால் 25,98,960 விதமான கைகள் வரும். ஒரே இனச் சீட்டு ஐந்து சேர்ந்தால் அது வலுவான கை. உங்கள் கையிலும், எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறந்து வைத்ததிலுமாக நான்கு கிளாவர் சேர்ந்து, இன்னும் இரண்டு சீட்டு விழ வேண்டியிருந்தால், ஐந்தாவது கிளாவர் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம். அதாவது மூன்றில் இரண்டு முறை கிடைக்காது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சீட்டுக்கட்டும் பந்தயக் காசுக்குப் பதிலாகக் கொஞ்சம் சட்டைப் பொத்தான்களும் போதும். பணமோ ஆன்லைன் கணக்கோ எதற்கு?

தகவல் சொல்லாமல் விட்டது இது: பந்தயத் தொகையிலிருந்து ஆட்டத்தை நடத்தும் தளம் ஒரு பங்கைக் கமிஷனாக எடுக்கும். அதனால் ஆடுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும். திறமைசாலி நீண்ட காலத்தில் ஜெயிக்கலாம். அந்தப் பணம் மேசையில் இருக்கும் மற்றவர்களுடையது.

அப்புறம் வயது. பணம் வைத்து ஆட அனுமதி உள்ள இடங்களிலும் முறையான தளங்கள் 18 வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை, சில இடங்களில் 21. பெற்றோர் கணக்கில் பிள்ளை ஆடுவது விதிமீறல். கணக்கை முடக்கலாம், ஜெயித்த பணத்தையும் நிறுத்திவைக்கலாம். சந்தேகம் இருந்தால் அந்தத் தளத்தின் விதிமுறைப் பக்கத்தையே திறந்து பாருங்கள். கமிஷன் விவரமும் பெரும்பாலும் அந்தத் தளத்திலேயே இருக்கும்.

இந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் மேலே சொன்ன கமிஷன் விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்.