அப்பா ஒன்றும் ஏமாறவில்லை

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நாற்பதாம் நாள் நினைவுக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். சிரிப்புச் சத்தம் நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

மைக் பிடித்த பெரியவர் அப்பாவைப் பற்றிச் சொன்னது இது: “ஞானஸ்நானத்திலேயே இவருக்கு பெஞ்சமின்னு பேர் வச்சிருக்கணும். எவன் கடன் பாரத்தை நீட்டினாலும் பெஞ்சாமின் இவர்தான்!” மலாய் மொழியில் ஜாமீன் போடுகிறவருக்கு ‘பெஞ்சாமின்’ என்றுதானே பேர். நல்ல ஜோக்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதோடு மைக்கை வைத்திருந்தால் நானும் விட்டிருப்பேன். “வெள்ளந்தி மனுஷன், எல்லாரும் நல்லா ஏமாத்திட்டாங்க” என்று முடித்தாரே பெரியவர், அது நாலு நாளாகத் தொண்டையில் நிற்கிறது.

அப்பா ஏமாறவில்லை ஐயா. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்.

தொண்ணூறுகளில், எனக்குப் பதினாறு வயது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் எதிர் லயத்து வீட்டு அண்ணனுக்கு ஈப்போவில் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் போய்வர கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) வாங்க வேண்டும், ஜாமீன் கேட்டு மலாய் மொழிப் பாரத்தோடு வந்தார். அப்பா கண்ணாடியை பனியன் ஓரத்தில் துடைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். “துங்காக்கான்னா என்னடா?” “பாக்கிப்பா.” பிறகு சர்ச்சுப் பூசைத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பென்சிலால் கணக்கு எழுதினார். சம்பளம், அரிசி, பால்மாவு, என் பஸ் காசு, அம்மாவின் மருந்து, கடைசியில் மோட்டார் தவணை 118 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அடியில் ஒரு கோடு. “அவங்க மோட்டாருக்கு நம்ம வீட்டுச் செலவை ஏம்பா கூட்டுறீங்க?” என்று கேட்டேன். “அவன் கட்டாமப் போனா என்னால கட்ட முடியுமான்னு பாக்குறேன். முடியும்னாத்தானே போடணும்.”

பார்த்தார். முடியும் என்று தெரிந்தது. போட்டார்.

அந்த அண்ணன் பதினொரு மாதம் கட்டினார். பிறகு வேலை போனது. மிச்சம் பதின்மூன்று மாதமும் சம்பளத்துக்கு மறுநாள் அப்பாதான் சைக்கிளில் டவுனுக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தார். ரசீதை அம்மாவிடம் கொடுப்பார், வாயைத் திறக்க மாட்டார். ஒன்று சொல்கிறேன்: எல்லாருக்கும் அவர் போடவில்லை. கார் கடனுக்கு வந்த ஒருவரிடம், “அவ்வளவு எங்கிட்ட இல்ல, மன்னிச்சுக்குங்க” என்று காபி கொடுத்து அனுப்பினார். அவர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. மைக் பிடித்தவருக்குத் தெரியும்.

‘துக்க வீட்டில் கொஞ்சம் சிரிக்கப் பேசினால் தப்பா?’ என்பீர்கள். சிரியுங்கள். அப்பாவே நன்றாகச் சிரிப்பார்.

‘கோயில் கோயில் என்று கிடந்தவர்தானே?’ ஆமாம். சாமியார் மாதம் ஒருமுறை வரும் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஜன்னல் திறந்து, பெஞ்சு துடைத்து, கடைசி ஆளாகக் கதவைப் பூட்டியவர். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு பஸ் பிடித்தால் ஒரு சீட்டு எப்போதும் பக்கத்து வீட்டு மாரியாயி பக்தைப் பாட்டிக்கு. பாட்டி அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து இங்கே தீமிதிக்குக் கூழ் காய்ச்சும். அப்பா அதையும் போய்க் குடிப்பார். இதில் என்ன ஏமாற்றம் கண்டீர்கள்?

எங்கள் ஊர் எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களை வாங்கத் தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அதற்கு மாலை போடுகிறோம், சரிதான். அதையே ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர் ஆள் சேர்க்காமல் தனியாகச் செய்தால் ஏமாளி. இன்னொன்று, 2017இல் திவால் சட்டத்தைத் திருத்தினார்கள். படிப்புக் கடனுக்கோ வீட்டுக்கோ சொந்த வண்டிக்கோ லாபம் பார்க்காமல் ஜாமீன் நின்றவரை இனித் திவாலாக்க முடியாது. ‘பெஞ்சாமின் சோசியல்’ என்று அவர்களுக்குச் சட்டத்திலேயே பேர் இருக்கிறது. சட்டம் போடும் அளவுக்கு இந்த நாட்டில் வெள்ளந்திகள் இருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

‘அதெல்லாம் சரி, பிள்ளைகளுக்கு என்ன வைத்தார்?’

இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டப் பணமில்லை. ஒரு வருஷம் பேரங்காடியில் அரிசி மூட்டை தூக்கினேன். “யாருக்கோ மோட்டார் வாங்கிக் குடுக்கத் தெரியுது” என்று அப்பா முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன், இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசு இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தது 2013இல். அதற்குள் அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பூசைத் தாள் கணக்கில் என் கல்லூரிக்கு ஒரு வரி இருந்ததா என்று இப்போதும் சில ராத்திரி யோசிப்பேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது, அம்மாவுக்கு இருக்கிறது, தங்கைக்கு இருக்கிறது. பிரியாணி தட்டோடு நின்று கேட்க உங்களுக்கு என்ன இருக்கிறது?

கப்சாய் அண்ணன் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. காலையிலிருந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர், அந்த ஜோக்குக்குப் பிறகு சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். மண்டபத்தில் சிரிக்காதவர்கள் அவரும் அம்மாவும்தான். ஆமாம், வீடியோவில் மூன்றாவது வரிசையில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். பார்த்தவர்கள் எனக்கு அதைச் சொல்ல வேண்டாம்.

ஓராண்டு நினைவுப் பூசைக்கு எல்லாரும் வாருங்கள். பெரியவரும் வரட்டும். சாப்பாடு உண்டு. மைக் கிடையாது.