விஸ்காம் பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்காருங்கள்

போன வாரம், நான் பாடம் நடத்தும் விஸ்காம், அதாவது காட்சி ஊடகப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "மேம், ஒரு அஞ்சு நிமிஷம்." உள்ளே வந்ததும் ஹெட்போனை என் கையில் கொடுத்தாள். மாட்டிக்கொண்டேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு, விடியற்காலை நாலு மணி. பால் கேனைத் தரையில் இழுக்கும் சத்தம். டீக்கடை பாய்லரின் சீறல். எங்கோ தூரத்தில் ஒரு கண்டக்டர் "திண்டிவனம், திண்டிவனம்" என்று கூவிக்கொண்டே நெருங்கி வந்து, என் இடது காதைத் தாண்டிப் போகிறார். டிபார்ட்மெண்ட் ரெக்கார்டரை மூன்று நாள் இரவல் வாங்கி எடுத்தாளாம். இதுபோல நூற்றுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"சவுண்ட் படிக்கணும் மேம். புனேக்குப் போகணும்."

பன்னிரண்டாவதில் என்ன குரூப் என்று கேட்டேன். காமர்ஸ்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் இயக்கம், படத்தொகுப்பு எல்லாம் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஒலிப்பதிவுக்கு அப்படி இல்லை. பட்டத்தோடு, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்று சேர்க்கை அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். 2009-இல் ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி அங்கே படித்தவர்தான். அதற்கு முன்னால் காயங்குளத்தில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர். அவர் பேட்டிகளை எல்லாம் தேடித் தேடிப் பார்த்திருக்கிற இந்தப் பிள்ளையிடம், இயற்பியல் கேட்பார்கள் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை.

"விஸ்காமுக்கு எந்த குரூப்பா இருந்தாலும் சேரலாம்னு சொன்னாங்க மேம்." சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. விஸ்காமில் சேரலாம்தான். விஸ்காமுக்குப் பிறகு எங்கே போகப் போகிறாள் என்று கேட்க அவளுக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை.

அந்த ஆளாக நான் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன். முதல் ஆண்டில் அவளுக்கு மென்டார், அதாவது வழிகாட்டி ஆசிரியர், நான். ரிஜிஸ்டரில் இருபத்திரண்டு பேர், ஒவ்வொரு பேருக்கும் நேராக மாதம் ஒரு கையெழுத்து. "வருகைப்பதிவு பற்றி அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்ட அந்த நோட்டு வேண்டும், அதனால் எல்லோரும் எழுதுகிறோம். எனக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் முழுசாக அரை மணி நேரம் உட்கார்ந்து "உனக்கு என்ன பிடிக்கும், அதற்கு என்ன வழி" என்று பேசினேன் என்று அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

மற்ற துறைப் பிள்ளைகளுக்குப் போகும் பாதை ஓரளவு தெரியும். பி.காம். முடித்தால் என்ன, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தால் என்ன என்று வீட்டிலேயே சொல்ல யாராவது இருப்பார்கள். விஸ்காம் பிள்ளைக்கு அப்பாவும் தெரியாது என்பார், சித்தப்பாவும் தெரியாது என்பார். சினிமா என்றால் டைரக்டர், கேமராமேன், இந்த இரண்டுதான் வெளியே தெரிகிறது. முதல் நாள் "என்ன ஆகப் போகிறாய்" என்று தாளில் எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் டைரக்ஷன் என்று எழுதித் தருவார்கள். டப்பிங் தியேட்டர், படத்தின் நிறத்தைச் சீராக்கும் கலர் கிரேடிங், சப்டைட்டில், காலடி, கதவு போன்ற சத்தங்களைத் தனியாக உண்டாக்கிப் பதிகிற ஃபோலி, படப்பிடிப்புத் தளத்தில் அன்றன்றைய ஃபுட்டேஜைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கிற வேலை என்று இருப்பதே அவர்களுக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிய வருகிறது.

சென்னைத் தரமணி விஷயமும் இப்படித்தான். அங்குள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் இருப்பது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நான்கு வருடப் பட்டப்படிப்பு. விஸ்காம் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு அங்கே போகலாம் என்று நினைத்துக்கொண்டே மூன்று வருடத்தை ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. அங்கே போனால் மறுபடி முதல் வருடத்திலிருந்துதான். இதைப் பிளஸ் டூ விடுமுறையில் யாராவது சொல்லியிருந்தால் அரசுக் கட்டணத்தில் நேராகவே அங்கே முயற்சி செய்திருப்பார்கள். நம் அட்மிஷன் மேசையில் உட்காருகிற ஆசிரியர் இதைச் சொல்லலாம். சொன்னால் ஒரு சீட் குறையும். குறையட்டும்.

பாடத்திட்டத்துக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இளநிலைக்கு 140 கிரெடிட், அதாவது பாடங்களுக்கான மதிப்பலகு. தமிழ், ஆங்கிலம், மையப் பாடம், அலைட் என்கிற துணைப்பாடம், எலெக்டிவ், என்.எம்.இ. என்கிற வேறு துறைப் பாடம் என்று அது பிரிந்து கிடக்கிறது. எலெக்டிவ் என்றால் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டியது. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், எந்த ஆசிரியருக்கு அந்த செமஸ்டரில் வகுப்பு மணி குறைகிறதோ அவருடைய பாடம்தான் எலெக்டிவ். அறுபது பேருக்கும் ஒரே பாடம். எழுத வருகிற பிள்ளையும் விளம்பரம் படித்தது, ஒலியில் மூழ்கிக் கிடக்கிற பிள்ளையும் விளம்பரம் படித்தது. ஆசிரியர் போதவில்லை என்கிற கஷ்டம் எனக்கும் தெரியும். அப்படியானாலும் இரண்டு பாடம் வைத்து முப்பது முப்பதாகப் பிரிக்க முடியும், கேட்டுப் பார்த்தோம், அடுத்த வருடம் செய்தார்கள்.

தமிழ்ப் பேப்பரை அலட்சியம் செய்யாதீர்கள் என்று முதல் ஆண்டிலேயே சொல்ல வேண்டும். என் மாணவன் ஒருவன், நன்றாகத் திரைக்கதை எழுதுவான், வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வு, நேர்காணல் இரண்டும் தாண்டிவிட்டான். இரண்டாம் செமஸ்டர் தமிழில் ஒரு அரியர். "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டது. குறித்த தேதிக்குள் பட்டச் சான்று காட்ட முடியாமல் அந்த இடம் போய்விட்டது. இப்போது திருமண வீடியோ எடுக்கிறான். நல்ல தொழில்தான், மரியாதையாகச் சம்பாதிக்கிறான். ஆனால் பார்க்கும்போதெல்லாம் "மேம், அந்த ஒரு பேப்பர்..." என்று ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிடுவான்.

அப்புறம் கேமரா. பெற்றோர்களுக்குச் சொல்கிறேன்: முதல் செமஸ்டரிலேயே நகையை அடகு வைத்து கேமரா வாங்கித் தராதீர்கள். போன வருடம் ஒரு அப்பா கேமரா பெட்டியைத் துண்டில் சுற்றி, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். "இது போதுமா மேடம், இன்னும் லென்ஸ் வாங்கணும்னு சொல்றான்." அந்தப் பையனுக்கு எடிட்டிங்தான் வரும் என்று இரண்டாம் வருடம் தெரிந்தது. முதல் வருடத்துக்குக் கையில் இருக்கிற போனே போதும். டிபார்ட்மெண்ட்டில் இருக்கிற கருவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கக் கற்றுக்கொள்ளட்டும். எது தன் வேலை என்று தெரிந்தபிறகு காசு போடலாம்.

என் சக ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான். இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் அரை மணி நேரம். இருபத்திரண்டு பேருக்குப் பதினொரு மணி நேரம்தான் ஆகிறது. பிளஸ் டூ மார்க் ஷீட் கையில் இருக்கட்டும். இதுவரை எடுத்த வேலையில் எதை ராத்திரி கண்விழித்துச் செய்தாய் என்று கேளுங்கள், பதில் அதில்தான் இருக்கும். அப்புறம் நான்காம் செமஸ்டர் லீவில் எங்கே இன்டர்ன்ஷிப், எந்த எலெக்டிவ், எந்த நுழைவுத் தேர்வுக்கு எப்போது அறிவிப்பு வரும் என்று ஒரு தாளில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பிள்ளை விஷயம் இன்னும் முடியவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ அளவில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துத் தேர்வு எழுத வழி இருக்கிறது. அப்படி எழுதிய இயற்பியலை ஏற்பீர்களா என்று புனேக்கு இருவரும் சேர்ந்து மெயில் போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் அவள் பக்கத்துக் கட்டடத்து இயற்பியல் துறைக்கு நேராகவே போய்விட்டாள். அங்கே ஒரு சார் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார். நேற்று கேன்டீனில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் 'அலைகள்' பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள்.

"மேம், அந்த கண்டக்டர் கிட்ட வரும்போது சத்தம் ஏன் அப்படி மாறுதுன்னு தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. உட்காரச் சொல்லி விளக்கினாள்.