வரன்முறைத் திட்டம் என்னும் தொடர் அநீதி

சட்டப்படி திட்ட அனுமதி பெற்று, வரைபடத்தில் காட்டிய பக்க இடைவெளியை ஓர் அடிகூடக் குறைக்காமல் வீடு கட்டியவர்களை இந்த நகரம் எதற்காகத் தண்டிக்கிறது? சென்னைப் புறநகரில் எங்கள் மதிலை ஒட்டி, இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் ஒரு கட்டடம் எழும்பி நிற்கிறது. எங்கள் சமையலறைக்குள் பகலிலும் விளக்கு எரிகிறது. கேட்கப் போனால், "அடுத்த வரன்முறைத் திட்டம் வரும்போது பணத்தைக் கட்டிவிடுவோம்" என்று கட்டியவர் கொஞ்சமும் கூசாமல் சொல்கிறார். விதிமீறலைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சட்டப்பூர்வமாக்குவதைத்தான் வரன்முறை என்கிறார்கள். அந்தத் துணிச்சலை அவருக்குக் கொடுத்தது யார்?

கொடுத்தது அரசுகள்தான். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1999 பிப்ரவரி 28 வரை கட்டப்பட்ட விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். அதன் பிறகு காலக்கெடுவை நீட்டித்தார்கள், மீண்டும் நீட்டித்தார்கள். முதல் திட்டத்தை ஒருமுறைச் சலுகையாக மட்டும் ஏற்றுக்கொண்ட சென்னை உயர் நீதிமன்றம், பின்வந்த நீட்டிப்புகளை 2006இல் ரத்து செய்தது. அத்துடன் நின்றதா? 113-சி என்று புதிய பிரிவைச் சேர்த்து, 1.7.2007க்கு முன் கட்டியவற்றுக்கு மறுபடியும் வழி திறந்தார்கள். கட்சி எதுவானாலும் இந்த விஷயத்தில் பழக்கம் மாறவில்லை.

மனைகளின் கதை இதைவிடக் கொடுமையானது. வயலை வாங்கி, கல் நட்டு, "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று விளம்பரம் செய்து விற்றார்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இல்லாமல் ஊராட்சித் தலைவர் வைக்கும் முத்திரைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பது பி.எஃப். பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டு வாங்கிய குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? பத்திரப் பதிவு அலுவலகம் முத்திரைத்தாள் கட்டணத்தைக் குறைவின்றி வாங்கிக்கொண்டு அந்த மனைகளைப் பதிவும் செய்து கொடுத்ததே! 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் பதிவுக்குத் தடை விதித்த பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 2017 மே மாதம் விதிகள் வந்தன, 20.10.2016க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு வரன்முறை என்றார்கள். வரன்முறைக் கட்டணத்தையும் மேம்பாட்டுக் கட்டணத்தையும் இன்று கட்டுபவர், பெரும்பாலும், ஏமாந்து மனை வாங்கியவர். நிலத்தைக் கூறுபோட்டு விற்றவர் லாபத்துடன் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கட்டணம் கட்டிவிட்டால் பத்தடித் தெரு இருபதடியாகிவிடுமா? முறையான பெரிய மனைப்பிரிவில் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். அனுமதியற்ற மனைப்பிரிவிலோ அந்த நிலமும் வீடுகளாக நிற்கிறது. பிள்ளைகள் விளையாடுவது தெருவில்தான். கழிவுநீர் லாரி திரும்ப இடமில்லை, தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லை, மழைநீர் போவதற்கு வாய்க்காலும் இல்லை. முடிச்சூரும் வேளச்சேரியும் 2015 டிசம்பரில் மூழ்கியதைப் பார்த்த பிறகும், நிலத்தின் தாழ்வு மேட்டை அளக்காமல் மனை போடுவதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்?

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022இல் அரசாணை வெளியிட்டார்கள். அப்படியானால் ஏரி, ஓடை, சாலை, பூங்கா எவையெவை என்று அந்தப் பரப்பு முழுவதிலும் முதலில் நிலத்தில் அளந்து கல் நடுங்கள். மனை விற்பவர்கள் கல் நடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். அனுமதியின்றி நிலத்தைப் பிரித்து விற்றவரிடமே அபராதத்தை வசூலியுங்கள், கண்டும் காணாமல் பதிவு செய்த அதிகாரியையும் பொறுப்பாக்குங்கள். இன்னொரு காலநீட்டிப்பு அறிவிப்பை மட்டும் எங்கள் முகத்தில் விட்டெறியாதீர்கள்.